இணையத்தில் படித்ததை நம்பலாமா? நோயாளிகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது

கேள்வி: நோயாளிகளுக்குச் சிகிச்சை பற்றி விளக்கம் சொல்லும் பொறுப்பில் இருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் எதையாவது படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நம்பக்கூடிய தகவல் எது என்று அவர்களே கண்டுகொள்ள, ஒரு சரிபார்ப்புப் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், பட்டியல்தான் தேவையா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பட்டியல்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. 1997-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: எழுதியவர் யார், ஆதாரம் என்ன, யார் பணம் கொடுக்கிறார்கள், எப்போது எழுதப்பட்டது. 1999-ல் பிரிட்டனில் ‘டிஸ்சர்ன்’ என்று 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. ஜெனிவாவில் இயங்கிய ஓர் அமைப்பு 1996 முதல் ‘ஹான்கோட்’ என்ற முத்திரையைத் தரமான மருத்துவத் தளங்களுக்குக் கொடுத்துவந்தது. எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவை. அந்தக் காலத்துக்கு ஓரளவு பொருந்தியவையும்கூட.

இன்று நிலைமை வேறு. ஒரு மோசடித் தளம்கூட எழுதியவர் பெயர், பட்டம், தேதி, அடியில் முப்பது ஆய்வுச் சுட்டிகள், வெள்ளைக் கோட்டுப் புகைப்படம் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளி டிக் போடுவார். கடைசியில் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற தவறான நிம்மதியோடு எழுந்து போவார். ஹான்கோட் முத்திரை வழங்குவதும் 2022 இறுதியோடு நின்றுபோனது. ஆகவே ஒரு பக்கத்தில் அந்த முத்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்தப் பக்கத்தின் இன்றைய தரத்துக்கு அது சாட்சி இல்லை. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அது அதன் வாக்குமூலம்தான்.

அதனால் என் பதில் இதுதான்: பக்கத்தை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். பக்கத்தை விட்டு வெளியே வந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அப்புறம், அதில் சொல்லப்படும் சங்கதியை இரண்டு மூன்று கேள்விகளால் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இவை இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பட்டியல் தானாகத் தேவையற்றுப் போகும்.

வெளியே வருவது என்றால் என்ன என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு அழகாகக் காட்டுகிறது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர்களுடைய இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-ல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக உள்ள ‘அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’. இன்னொன்று அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் விலகிய சிலர் 2002-ல் தொடங்கிய ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்’ என்ற சிறிய அமைப்பு. பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. மாணவர்களும் வரலாற்று அறிஞர்களும் அந்தத் தளங்களுக்குள்ளேயே இருந்து வடிவமைப்பையும் மேற்கோள்களையும் படித்துப் படித்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, உலாவியில் புதிய தாவல்களை (டேப்) திறந்து, ‘இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள்.

படிப்பாளிகளே ஏமாறும் இடத்தில், வலியும் பயமுமாக நள்ளிரவில் செல்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘கவனமாகப் படியுங்கள்’ என்று மட்டும் சொல்வது அவருக்கு எந்த உதவியும் இல்லை. அவரால் செய்யக்கூடிய காரியம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தளத்தின் பெயரையோ பேசுகிறவரின் பெயரையோ புதிய தாவலில் தட்டச்சு செய்வது ஒரு காரியம். அவர் என்ன விற்கிறார் என்று பார்ப்பது இன்னொரு காரியம். இரண்டுக்கும் மருத்துவ அறிவு தேவையில்லை. சர்க்கரை நோயை முற்றிலும் விரட்டிவிடலாம் என்று பேசுகிறவரே அதற்கான பொடியையும் அதே பக்கத்தில் விற்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதைச் சொற்பொழிவாகச் சொல்லாதீர்கள். நோயாளி கொண்டுவந்த அதே வீடியோவை, அவருடைய செல்பேசியிலேயே, அவர் விரலாலேயே தேட வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வகுப்பில் கேட்டது கதவைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும். தன் சொந்தக் கேள்விக்காகத் தானே தேடிக் கண்டுபிடித்தது நிற்கும். கேள்வி சூடாக இருக்கும்போதுதான் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் இருக்கிறது.

தேடுவதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘நீங்களே தேடிப் பாருங்கள்’ என்று விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான ஆபத்தைக் காட்டியது: பொய்யான செய்தியைச் சரிபார்க்க இணையத்தில் தேடியவர்கள், தேடாதவர்களைவிட அந்தப் பொய்யை நம்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தேடலில் தரமற்ற பக்கங்கள் வந்து விழுந்தவர்களிடம் இது குறிப்பாகத் தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு வதந்தி பயன்படுத்தும் அதே சொற்களைத் தேடல் பெட்டியில் போட்டால், அந்தச் சொற்களை வைத்திருக்கும் பக்கங்களே திரும்ப வரும். அவை பெரும்பாலும் வதந்தியைப் பரப்பியவர்களின் பக்கங்கள்.

ஆகவே கேள்வியின் சொற்களை மாற்றக் கற்றுக்கொடுங்கள். ‘இன்ன மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்’ என்று தேடுவது, பதிலை முன்பே எழுதி வைத்துவிட்டுச் சாட்சி தேடுவது. ‘இன்ன மருந்து சிறுநீரகம் ஆய்வு’ என்று தேடினால் வேறு உலகம் திறக்கும். தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கல்: சில நோய்களைப் பற்றித் தமிழில் நல்ல பக்கங்கள் மிகக் குறைவு, அந்த வெற்றிடத்தை யார் யாரோ நிரப்பிவிடுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அவரை இரண்டு மொழியிலும் தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பெரிய பயன்.

அடுத்தது, சொல்லப்படும் சங்கதியைத் தட்டிப் பார்ப்பது. யார் சொன்னார் என்பது தெரிந்த பிறகும் இது ஏன் தேவை? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வைட்டமின் சி. லைனஸ் பாலிங் வேதியியலுக்காக 1954-லும் அமைதிக்காக 1962-லும் நோபல் பரிசு பெற்றவர். அவரைவிடப் பெரிய தகுதி யாருக்கு இருக்கும்? அவரும் ஸ்காட்லாந்து மருத்துவர் யூவன் கேமரனும் 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முற்றிய புற்றுநோயில் இருந்த 100 பேருக்கு அதிக அளவில் வைட்டமின் சி கொடுத்தபோது அவர்கள் நெடுநாள் உயிரோடிருந்தார்கள் என்றது கட்டுரை. எதோடு ஒப்பிட்டு? அதே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் இருந்த 1000 நோயாளிகளோடு. இங்கேதான் சிக்கல். அந்த 1000 பேரும் இந்த 100 பேரும் ஒரே நிலையில் இருந்தவர்கள்தானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையில் 1979-லும் 1985-லும், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வைட்டமின் சி மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் சி எந்த நன்மையும் தரவில்லை.

பாலிங் பொய் சொல்லவில்லை. அவர் முழுமனதோடு நம்பினார். அதனால்தான் இந்த உதாரணம் நோயாளிகளோடு பேச ஏற்றது. இணையத்தில் தவறான தகவல் சொல்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தன் உறவினருக்குக் குணமானதைப் பார்த்து, நாலு பேருக்கு நன்மையாகட்டும் என்று அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களைத் திட்டினால் நோயாளி அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்வார். ‘அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். சளி பெரும்பாலும் பத்து நாளில் தானாகப் போய்விடும். சாதாரண முதுகுவலி சில வாரங்களில் தானாகக் குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம், அதற்குப் பிறகு எப்படியும் வலி இறங்கத்தான் செய்யும். எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

‘எதோடு ஒப்பிட்டார்கள்?’ இந்த ஒரே கேள்வியை மட்டும் நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போனாலும் போதும் என்பேன். இதோடு ‘யாரிடம் சோதித்தார்கள்?’ என்பதும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சோதனைக்கூடத் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் பொருள்கள் ஏராளம், பிளீச்சிங் திரவம்கூடக் கொல்லும். எலியில் வேலை செய்தவற்றில் பெரும் பகுதி மனிதரிடம் வந்து தோற்றுப்போகிறது.

இதெல்லாம் சாதாரண மக்களுக்குப் புரியுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். உகாண்டாவில் 120 தொடக்கப்பள்ளிகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2017-ல் லான்செட் இதழில் வெளிவந்தன. சிகிச்சை பற்றிய கூற்றுகளை எப்படி எடைபோடுவது என்று படக்கதைப் புத்தகத்தை வைத்து ஒன்பது பாடங்கள் நடத்தினார்கள். பாடம் கேட்ட மாணவர்களில் 69 சதவீதம் பேர் தேர்வில் தேறினார்கள், கேட்காதவர்களில் 27 சதவீதம். பெற்றோருக்கு இதையே ஒலித்தொடராகக் கொடுத்தபோதும் நல்ல பலன் இருந்தது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பிள்ளைகள் கற்றதைத் தக்கவைத்திருந்தார்கள், பெற்றோரிடம் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. நாம் வேலை செய்வது பெரியவர்களோடு என்பதால், ஒருமுறை சொல்லிவிட்டு முடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வருகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தை உண்டாக்கும் செய்திகள் பெரும்பாலும் பொய்யான எண்களால் வருவதில்லை. உண்மையான எண்ணைப் பாதி சொல்வதால் வருகின்றன. 1995-ல் பிரிட்டனில் சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது) அபாயத்தை இரண்டு மடங்காக்கும் என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது. இரண்டு மடங்கு என்பது உண்மை. எதிலிருந்து எதற்கு? 7000 பெண்களில் ஒருவர் என்பதிலிருந்து 7000 பெண்களில் இருவர் என்பதற்கு. இந்த இரண்டாவது வாக்கியம் மக்களிடம் போய்ச் சேரவில்லை. பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டது. கர்ப்பமே அந்த மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயத்தை அதிகமாக்கும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் ‘இரண்டு மடங்கு’, ‘18 சதவீதம் அதிகம்’ என்று எதைப் பார்த்தாலும் ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்று கேட்கப் பழக்குங்கள். பதில் அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால், அந்தப் பக்கம் முடிவெடுக்கப் போதாது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய நாடுகளின் மருந்துத் தாள்களில் ‘பொதுவானது’ என்று ஒரு பக்கவிளைவைப் போட்டிருந்தால், அது நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை என்று பொருள். படிக்கிறவர் மனதில் அது ‘எல்லோருக்கும் வரும்’ என்று பதிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். நோயாளி தான் படித்ததை உங்களிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் மற்றதெல்லாம். ‘கூகுளைப் பார்க்காதீர்கள்’ என்று ஒருமுறை முகம் சுளித்துச் சொல்லிவிட்டால் அவர் பார்ப்பதை நிறுத்த மாட்டார், சொல்வதை நிறுத்திவிடுவார். அதில்தான் உயிருக்கு ஆபத்து. மனச்சோர்வுக்கு நல்லது என்று இணையத்தில் விற்கும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்ற மூலிகை, கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் எடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், மாற்றிய உறுப்பையே உடல் நிராகரிக்கும் அளவுக்கு. ‘இயற்கையானதுதானே’ என்று அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டால், காரணம் யாருக்கும் தெரியாது. 2018-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மரண அபாயம் இரண்டரை மடங்கு. அப்படி ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னால் ‘நான் இப்படி ஒன்றைப் படித்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் சிலரேனும் வேறு வழியில் போயிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

ஆகவே நீங்களே முதலில் கேளுங்கள். ‘இதைப் பற்றி எங்காவது படித்தீர்களா, யாராவது ஏதாவது அனுப்பினார்களா?’ என்று சாதாரணமாக. ‘அதில் உங்கள் மனதில் தங்கியது எது?’ என்பது அடுத்த கேள்வி. பதிலில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். முடி கொட்டிவிடுமோ, வேலைக்குப் போக முடியாதோ, பிள்ளைக்கும் வருமோ என்று. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் தளத்தின் நம்பகத்தன்மையைப் பற்றி மட்டும் பேசினால், அந்தப் பயத்துக்குப் பதில் தருகிற அடுத்த தளத்துக்கு அவர் போய்விடுவார்.

எல்லாவற்றையும் சந்தேகப்படவும் பழக்கிவிடக் கூடாது. ஏமாற்று உதாரணங்களை மட்டும் காட்டிக்கொண்டே போனால் நல்ல தகவலையும் நம்ப மறுக்கும் மனநிலை வந்துவிடும். பாதி உதாரணங்கள் நல்லவையாக இருக்கட்டும். ‘இது ஏன் நம்பத் தகுந்தது?’ என்று கண்டுபிடிப்பதும் பயிற்சிதான். போய்ப் பார்க்க இரண்டு மூன்று இடங்களைக் கையில் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்தும் ‘மெட்லைன்பிளஸ்’ பொதுமக்களுக்காக எழுதப்படுவது, விளம்பரம் இல்லாதது. 1993-ல் தொடங்கிய ‘காக்ரேன்’ அமைப்பு ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எளிய சுருக்கங்களாகத் தருகிறது, அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன.

நோயாளிகளின் குழுக்களை ஒதுக்கிவிடாதீர்கள். கீமோவின்போது வாய்ப்புண்ணோடு எப்படிச் சாப்பிடுவது, வயிற்றில் மலப்பையை மாட்டிக்கொண்டு எப்படிப் பயணம் போவது என்பதெல்லாம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே கிடைக்கும் ஆறுதலும் மெய்யானது. எந்தத் தகவலுக்கு எவ்வளவு சோதனை என்பதை, ‘இது தவறாக இருந்தால் நான் எதை இழப்பேன்?’ என்ற கேள்வி முடிவு செய்யட்டும். படித்த ஒன்றால் மருந்தை நிறுத்தவோ, புதிதாக ஒன்றைத் தொடங்கவோ, சிகிச்சையைத் தள்ளிப்போடவோ, பெரிய பணம் கட்டவோ தோன்றினால், அன்றே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். மற்றவற்றை அவர்கள் போக்கில் விடலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களுக்கும் இதே வழிதான். அவை தெளிவாகப் பேசும், சில சமயம் இல்லாத ஆய்வுக் கட்டுரையையும் தலைப்போடு சொல்லும். ஆதாரம் கேட்டு, அந்தச் சுட்டியைத் திறந்து, அதில் உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரபல மருத்துவரின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கிய வீடியோக்களும் உலவுகின்றன. அந்த மருத்துவரின் சொந்தப் பக்கத்திலோ அவர் வேலை செய்யும் மருத்துவமனையின் பக்கத்திலோ அதே பேச்சு இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

நீங்கள் சொல்லிக்கொடுத்தது பலித்ததா என்று தெரிய, ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த முறை வரும்போது, அவர் புதிதாகப் பார்த்த ஒன்றைத் திறக்கச் சொல்லி, ‘இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பக்கத்தைக் கீழே தள்ளிப் படித்துக்கொண்டே போனால் இன்னொருமுறை அவரோடு உட்கார வேண்டும். புதிய தாவலைத் திறந்தால், அடுத்த பாடமான எண்களுக்குப் போகலாம்.